கேளுங்க, சொல்றேன்: யார்டுல பிரிச்சுப் போட்ட கோல்ஃப்

கேள்வி: அண்ணா, டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், ப்ராஸ்பெக்டன் பக்கம் ஒரு ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. மூணு வருஷம் முன்னாடி 18,000 ரேண்டுக்கு ஒரு 1991 மாடல் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் வாங்கி, ஆறு மாசத்துல முடிச்சிடலாம்னு மொத்தமா பிரிச்சேன். இன்னைக்கு வரைக்கும் வெறும் பாடி ஃப்ளோர் ஓட்டையோட வீட்டு யார்டுல, எஞ்சின் ஸ்டாண்டுல, சீட்டு ரெண்டும் அம்மா ரூம்ல. போன மாசம் ஒரு ஜோடி வெபர் கார்ப்பரேட்டர் 9,000க்கு வாங்கிட்டு வீட்ல 2,000னு சொன்னேன், அவ ஸ்லிப்பைப் பாத்துட்டா. காரா நானான்னு கேக்கறா. ரெண்டு புள்ளைங்க, ஜனவரியில ஸ்கூல் ஃபீஸ் வேற. வித்துடட்டுமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: தம்பி, மொதல்ல அந்த 7,000ஐப் பேசுவோம், கார் எங்கயும் ஓடிப் போயிடாது, அதுக்குத்தான் சக்கரமே இல்லையே.

ஒரு ஸ்லிப்புல பொய் மாட்டுச்சுன்னா மூணு வருஷமா நீங்க சொன்ன ஒவ்வொரு கணக்கும் அவங்களுக்குச் சந்தேகமாத்தான் இருக்கும். அதனால ஒரு நோட்டை எடுத்து அவங்களையும் பக்கத்துல உக்கார வச்சு வாங்கின நாள்லேர்ந்து ஆன செலவு எல்லாத்தையும் எழுதுங்க, டோ பண்ணின காசு, கட்டிங் டிஸ்க், ஸ்கிராப் யார்டுக்குப் போயிட்டு வந்த பெட்ரோல், எதையும் விடாதீங்க. நானும் என் டாட்சன் 1200 பக்கிக்கு (பிக்கப் வண்டி) இப்படி எழுதியிருக்கேன், கூட்டிப் பாத்தப்ப எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சு, என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போயி டீ போட்டா, அந்த டீ தொண்டையில எறங்கல.

அப்புறம் அந்த வெபரை வித்துடுங்க. கோவிச்சுக்காதீங்க, ஃப்ளோர் ஓட்டையா இருக்கற காருக்கு ட்வின் கார்ப்பரேட்டர் எதுக்கு? அஸ்திவாரம் தோண்டலை, அதுக்குள்ள சீலிங் ஃபேன் வாங்கின கதைதான். வர்ற காசு நேரா ஸ்கூல் ஃபீஸுக்குப் போகட்டும், அதையும் அவங்க கையிலயே குடுங்க.

காரை விக்கணுமான்னு கேட்டீங்க. இப்ப வேணாம். டப்பா டப்பாவா கிடக்கற காருக்கு வர்றவன் இரும்பு விலைதான் கேப்பான், எந்த போல்ட்டு காணோம்னு அவனுக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. அதோட நீங்க எடுத்தது சிட்டி கோல்ஃப், அது உங்க அதிர்ஷ்டம். ஜெர்மனியில 1983ல கோல்ஃப் 2 வந்தப்புறமும் நம்ம யூட்டன்ஹேக் ஃபேக்டரியில பழைய மாடலையே 1984லேர்ந்து 2009 வரைக்கும் சிட்டின்னு பேர் வச்சு செஞ்சு தள்ளினான், அதனால டர்பன்ல எந்த ஸ்கிராப் யார்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஒண்ணாவது நிக்கும். பார்ட்ஸ் தீர்ந்துடும்னு பயந்து வாங்கி அடுக்கற வேலையே வேணாம், மாட்டப்போற வாரம் வாங்கினாப் போதும்.

ஆனா பாடி காத்திருக்காது. நம்ம ஊரு கடல் காத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே, உப்பும் ஈரமும் சேந்து வெறும் தகட்டை ஒரு ராத்திரியில செவப்பாக்கிடும். சில பேர் சாம்பக் கலர் ஃபில்லர் ப்ரைமரை அடிச்சிட்டு நிம்மதியா தூங்கறாங்க, அது ஸ்பாஞ்சு மாதிரி தண்ணிய உறிஞ்சி உள்ளுக்குள்ளயே துரு ஏத்தும். தேச்ச எடத்துல எபாக்சி ப்ரைமர் அடிங்க. இந்த மாடல்ல விண்ட்ஸ்க்ரீனுக்குக் கீழ தண்ணி ஓடற பள்ளம், ஜாக் வைக்கற எடம், பெட்ரோல் ஊத்தற குழாய் மூணையும் கையால தடவிப் பாருங்க. அந்தக் குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சா தூளு டேங்க்ல விழுந்து, நீங்க ஆசையா வாங்கின கார்ப்பரேட்டரைத்தான் மொதல்ல அடைக்கும். ஸ்டாண்டுல இருக்கற எஞ்சினுக்கு ப்ளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு மாசம் ஒருதரம் கையால சுத்துங்க, இல்லன்னா ரிங் ஒட்டிக்கும்.

வெல்டிங்கை வெளிய குடுத்தா வேலை முடிய முடிய காசு குடுங்க. நான் ஒரு பேனல் பீட்டர்கிட்ட (பாடி தட்டி வேலை செய்யறவர்) முழுசா அட்வான்ஸ் குடுத்துட்டு, என் பக்கி 14 மாசம் மழையில வெளியவே நின்னுச்சு, கேக்கும்போதெல்லாம் அடுத்த வாரம் அடுத்த வாரம்னுதான் பதில்.

மாசா மாசம் எவ்வளவு போடலாம்னு கேட்டா, அதை வீட்டுக்காரம்மா சொல்லட்டும், ஒரு டின்னுல போட்டு வைங்க, டின்னு காலின்னா அந்த மாசம் ஸ்பேனரைத் தொடைச்சிட்டு உக்காருங்க. டிசம்பர்ல வர்ற 13ஆவது செக்கை, அதான் போனஸை, தொடவே தொடாதீங்க, அது ஃபீஸ், யூனிஃபார்ம், ஷூ. நேரமும் அப்படித்தான், சனிக்கிழமை மத்தியானம் ரெண்டுலேர்ந்து ஆறு, ஷிப்ட் விழுந்தா அந்த வாரம் கிடையாது, ஞாயிறு கிடையவே கிடையாது. நாலு மணி நேரத்துல முடியாத வேலையைத் தொடங்காதீங்க. கழட்டின போல்ட்டு எல்லாம் பையில போட்டு, மேல எழுதி, ஃபோன்ல ஒரு ஃபோட்டோ. சீட்டை இன்னைக்கே அம்மா ரூம்லேர்ந்து எடுங்க, கெழவி பாவம்.

இன்னொண்ணு, பிரேக் ப்ளீட் பண்ண, அதாவது பிரேக் குழாய்ல நிக்கற காத்தை வெளியேத்த, ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் பெடலை மிதிக்கணும், ஒருத்தர் கீழ படுத்து நிப்பிளைத் திறந்து மூடணும். என் பக்கியில என் வீட்டுக்காரிதான் மிதிச்சா, மடியில அவரைக்காய் முறத்தை வச்சுக்கிட்டு, மிதின்னா மிதிப்பா, பிடின்னா பிடிப்பா, நடுவுல நார் உரிப்பா. ஒரு மணி நேரத்துல நாலு சக்கரமும் முடிஞ்சுது, காயும் முடிஞ்சுது. அன்னைக்குத்தான் மொதமொதலா "எப்ப ஓடும்?"னு அவளா கேட்டா.

அடுத்த வருஷம் தீபாவளிக்குள்ள அதோட சொந்த எஞ்சின்லயே, சாதா கார்ப்பரேட்டர்லயே ஓடணும். ஓடலைன்னா கிடைச்ச விலைக்கு விட்டுடுங்க, இந்தத் தேதியையும் அந்த நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் கேரேஜ்ல போடற ஓவர்ஆலை அப்படியே என் வாஷிங் மெஷின்ல போடறார், சொன்னா கேக்கறதில்ல. (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: அக்கா, கிரீஸ்னா அடுத்த துணியில கறை, அதோட போச்சு. பெட்ரோல் பட்ட துணி அப்படி இல்ல, மெஷினுக்குள்ள ஆவி நின்னு ஒரு பொறி பட்டாப் பத்திக்கும், ட்ரையர்னா இன்னும் மோசம். வெளிய காத்துல நல்லா காயவச்சு, வாசனை போனப்புறம் பக்கெட்டுல அவரே கையால துவைக்கட்டும். ரெண்டு தடவை துவைச்சார்னா மூணாவது தடவை பெட்ரோல் சிந்தாம வேலை செய்யக் கத்துக்குவார்.

கேள்வி: பழைய கொரோல்லாவுல 20 வால்வ் எஞ்சின் ஏத்தலாமா? (வாசகர், டோங்காட்)

பதில்: ஏத்தலாம், ஆனா அது வேகம் கூடின எஞ்சின், மொதல்ல பிரேக்கை மாத்துங்க. எஞ்சின் நம்பர் மாறுனா போலீஸ் க்ளியரன்ஸ் வாங்கி ரெஜிஸ்ட்ரேஷன்லயும் மாத்தணும், அதனால பேப்பர் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவா குடுத்தாலும் தொடாதீங்க. இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க, மறைச்சா க்ளெய்ம் அன்னைக்குத்தான் கண்டுபிடிப்பாங்க. கார் ஓடாம நின்னாலும் லைசென்ஸ் டிஸ்க் (கண்ணாடியில ஒட்டற வருஷ லைசென்ஸ்) காசு ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதை வருஷா வருஷம் கட்டுங்க. டயர் பக்கத்துல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2314ன்னா 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது, அந்த மாதிரி கிழட்டு டயர்ல 20 வால்வை மிதிக்காதீங்க.