மலை இருக்கட்டும், ஆள் யார்?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்குப் போவதில்லை. வீட்டில் பணம் எடுக்கிறான். இரண்டு முறை ஓடிப்போனவனைத் தேடிக் கூட்டி வந்தோம். மலையேற்றம், படகு, காட்டில் முகாம் என்று வெளியே வைத்தே சிகிச்சை தருகிற இல்லம் ஒன்றைச் சொல்கிறார்கள். அங்கேயே தங்க வேண்டும். எத்தனை மாதத்தில் சரியாவான்? நல்ல நண்பர்கள் கிடைப்பார்களா? விஷயத்தைச் சொன்னால் வர மாட்டான். சுற்றுலா என்று சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவிடலாமா என்று அக்கா கேட்கிறாள். இயற்கை மனிதனை மாற்றும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ச.

அன்புள்ள ச.,

எழுதியிருக்கிறேன், மறுக்கவில்லை. அன்று கொஞ்சம் உற்சாகத்தில் இருந்திருப்பேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பு பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய டார்ச் கிடைத்தது. உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பதே சந்தேகம்.

முதலில் திட்டிவிடுகிறேன். சுற்றுலா என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். பெற்றோர் பணம் கட்டினால் போதும், நள்ளிரவில் இரண்டு முரட்டு ஆட்கள் வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி வண்டியில் ஏற்றி, காட்டு முகாமுக்கோ பாலைவன முகாமுக்கோ கொண்டுபோவார்கள். முடியவில்லை என்று அழுத பிள்ளையை 'நடிக்கிறான்' என்று விட்டு, அது செத்தே போன கதைகள் உண்டு. 2007இல் அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே இந்தச் சாவுகளை விசாரித்து அறிக்கை கொடுத்தது. உங்கள் அக்கா அவ்வளவு தூரம் போகிறவர் இல்லைதான். ஆனால் கண் விழித்துப் பார்க்கிற பையனுக்கு இரண்டும் ஒன்று. இதுவரை அந்த வீட்டில் பொய் சொல்கிறவன் அவன் ஒருவன்தான். நீங்களும் சேர்ந்துகொள்ளப் போகிறீர்களா?

வர மாட்டானே என்றால், சொல்லுங்கள், சண்டை வரட்டும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று அழையுங்கள், சொன்னபடி திரும்புங்கள். அங்கே இருப்பவர்களிடம் அவனே கேள்வி கேட்கட்டும். அதற்கு இடம் கொடுக்காத இல்லம் உங்களுக்கு வேண்டாம்.

எத்தனை மாதம் என்பது, வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தவர் கேட்கிற கேள்வி. விடுங்கள்.

நண்பர்கள் விஷயம் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1939இல் 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வழிகாட்டி, பாடத்தில் உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்ற பாதிதான் சற்று மோசமாக இருந்தது. பின்னால் இன்னும் துருவியதில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாம் போனவர்களிடம்தான் அந்தக் கேடு சேர்ந்திருந்தது. பையன்களை ஒன்றாக விட்டுவிட்டுப் பெரியவர்கள் நகர்ந்துகொண்டால், செய்த வம்பையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஒருவனை ஒருவன் ஏற்றிவிடுவான். அதுவும் திறந்தவெளியில் நடந்ததுதான்.

சரி, மலை எதற்கு? நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் அப்படி ஓர் இல்லத்தில் ஒன்பது மாதம் உதவியாளாக இருந்தேன். பன்னிரண்டு பையன்கள். ஆக இளையவனுக்குப் பதினான்கு. முகாமில் ஒரு நாள் கூடாரத்துக்கு முளை அடிக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தான். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் சரிந்து, தொப்பலாக நனைந்து நின்றான். "அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்தேன். அங்கே பதினோரு வருடமாக இருந்த ஒருவர், எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், என் தோளைத் தொட்டு, "அதான் மழை சொல்லிடுச்சே, நீ வேற எதுக்கு" என்றார். தன் கம்பளியை அவனுக்குப் போர்த்தி, பாறை இடுக்கில் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. காலையில் பையன் தானே போய் முளை அடித்தான். அண்ணன் 'பலே' என்றுகூடச் சொல்லவில்லை.

மழை எல்லா இடத்திலும் பெய்கிறது. பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். கயிறும் தலைக்கவசமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இதைக் கேளுங்கள்: ராத்திரி யார் இருக்கிறார்? எத்தனை வருடமாக இருக்கிறார்? போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? அவர்கள் போனதைப் பையன்களிடம் யார் சொன்னது? மறுபடியும் சொல்கிறேன், மலையின் போட்டோவைக் காட்டினால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்விகளை முதலிலிருந்து கேளுங்கள்.

ஓடிப்போனவன் திரும்பி வந்தால் வாசலில் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வினிகாட் என்ற மருத்துவர், ஓடிப்போகிற ஒன்பது வயதுப் பையனைத் தன் வீட்டிலேயே மூன்று மாதம் வைத்திருந்தார். நரகமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பையன் வெறிபிடித்து ஆடினால் தூக்கி வாசலுக்கு வெளியே விடுவார். உன் மேல் வெறுப்பு வருகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவார். வெளியே ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும். நடந்ததைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அதே வினிகாட் 1956இல் இன்னொன்றும் சொன்னார். பிள்ளை திருடுகிறான் என்றால் அவனுக்குள் எதிர்பார்ப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. எப்போதோ பறிபோன ஒன்று இவர்களிடம் கிடைக்குமா என்று தேடுகிறான் என்பது அவர் கணக்கு. உங்கள் அக்காவிடம் சொன்னால் அடிக்க வருவார். வரட்டும்.

அந்த மழைக்கு இரண்டு வாரம் கழித்து என் டார்ச் காணாமல் போனது. அவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் குதித்தேன். "உன்னுதை எடுத்திருக்கான், சந்தோஷப்படு" என்றார் அண்ணன். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. அதற்கப்புறம் இரவு நடை போகும்போதெல்லாம் அவன் எனக்குச் சற்றுப் பின்னாலேயே வருவான். இருட்டில் நான் கால் தடுமாறினால் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் விழும். உடனே அணைந்துவிடும்.

ஒன்பதாம் மாதம் எனக்கு வேறு வேலை கிடைத்தது, நல்ல சம்பளம். பையன்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள், வம்பு. லீவில் போகிறேன், வந்துவிடுவேன் என்றேன். அவன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்தால், துணிகளுக்கு மேலே டார்ச். பேட்டரி புதிது. அதை யாரிடம் எடுத்தானோ.