மேல் வீட்டுக்காரருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் வீடு எடுத்து நெட் கனெக்‌ஷனும் வந்துவிட்டது, மேல் வீட்டு மாணவர் மாதம் பத்து யூரோ தருகிறேன், பாஸ்வேர்டு கொடுங்கள் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள்.

ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நம் வைஃபையில் ஏறினால் ஸ்பீடு குறையும், அவ்வளவுதான். ஜெர்மனியில் வினை தபாலில் வரும். 2012இல் எங்கள் வீட்டில் வந்து தங்கிய நண்பர், டோரண்டில் ஒரு ஹாலிவுட் படம் இறக்கினார். இரண்டு மாதம் கழித்து வக்கீலிடமிருந்து தடித்த கவர். படத்தின் பெயர், தேதி, மணி, நிமிடம், எங்கள் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் எண்) எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 800 யூரோ சொச்சம். பதிப்புரிமையை மீறியதற்கு வக்கீல் அனுப்பும் இந்த எச்சரிக்கைக் கடிதத்தை அப்மானுங் என்பார்கள். டோரண்டில் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றியும் விடுகிறோமே, அதைத்தான் பிடிக்கிறார்கள். பயந்துபோய் கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டினேன். படமோ அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை!

2010இல் இங்குள்ள உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. ஒருவர் வீட்டு நெட் வழியாகப் பாட்டு பகிரப்பட்டிருந்தது, அந்த நேரத்தில் அவர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். நஷ்டஈடு வேண்டாம், ஆனால் வைஃபையைச் சரியாகப் பூட்டாதது உன் தவறு என்றது கோர்ட். 2017இல் சட்டம் நிறையத் தளர்ந்துவிட்டது. ஆனாலும் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். நான் செய்யவில்லை என்றால், வேறு யார் பயன்படுத்தியிருக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்தானே? பிரவுசரில் ஃப்ரிட்ஸ் டாட் பாக்ஸ் என்று தட்டி உள்ளே போங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் வைஃபை பாஸ்வேர்டு இருக்கிறது. வருகிறவர் போனில் ஒரு படம் எடுத்தால் தீர்ந்தது. நீளமாக வேறொன்று வைத்து மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கட்டும், பாஸ்வேர்டு தட்டாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வேண்டாம். வைஃபை பெயரை மறைத்து வைப்பதெல்லாம் வீண் வேலை, தேடுகிறவன் கண்ணில் அது படத்தான் செய்யும்.

விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை என்ற தனி வைஃபையைத் திறந்து, வெப்சைட்டும் மெயிலும் மட்டும் என்ற கட்டுப்பாட்டை டிக் செய்யுங்கள். உங்கள் லேப்டாப், பிரிண்டர் பக்கம் அவர்களால் வர முடியாது. ஆனால் அதுவும் உங்கள் ஐபியிலிருந்துதான் வெளியே போகிறது, மறந்துவிடாதீர்கள். அதனால்தான் மேல் வீட்டுக்காரருக்கு அதுவும் வேண்டாம் என்கிறேன். நெட் ஒப்பந்தத்தில் வெளியாருக்குக் கொடுக்க இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு கடிதம் வந்தால், குப்பையில் போடாதீர்கள். கூடவே வரும், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளில் அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். கெடு முடிவதற்குள் ஃபெர்ப்ராஹர்சென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.