பெங்களூரில் சேர்ந்து எழுதவும் வரையவும் நண்பர்களை எப்படித் தேடுவது?

“வேலைக்காகப் பெங்களூரு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸில் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் நண்பர் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. எனக்குக் கதை எழுதவும் படம் வரையவும் பிடிக்கும். பொது இடம் எதிலாவது நாலு பேரோடு சேர்ந்து இதைச் செய்தால் நட்பும் கிடைக்குமா?” இதுதான் உங்கள் கேள்வி.

கிடைக்கும். ஆனால் ‘நண்பர்கள் வேண்டும்’ என்றே கூடுகிற கூட்டத்தில் கிடைப்பது அரிது. நடுவில் ஒரு வேலை இருக்க வேண்டும். அதுவும் யாராலும் தனியாக முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். நான் இந்த ஊரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகைக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். இன்று எனக்கு நெருக்கமானவர்களில் பெரும்பாலானோர் அங்கே கிடைத்தவர்கள்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஆபீஸ் விஷயம். இரண்டு வருடமாகியும் யாரும் நெருங்கவில்லையே என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கேட்டுச் செய்தது. வெறும் அறிமுகம் ஓரளவு பழக்கமாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். வேலை இடத்தில் வேறு வழியில்லாமல் ஒன்றாக இருக்கும் நேரம் அந்த அளவுக்கு நெருக்கத்தைத் தருவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. விரும்பி வந்து உட்கார்கிற நேரம்தான் தருகிறது.

வாரம் 2 மணி நேரம் சந்தித்தால், 90 மணி நேரம் சேரவே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். ஒருநாள் பட்டறைக்கோ ஓவிய முகாமுக்கோ போய்விட்டு யாரும் கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள், மாதக்கணக்கில். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி கையெழுத்துப் பத்திரிகை. இளையவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். அச்சடிக்காமல் கையாலேயே எழுதி, படம் வரைந்து, தைத்து, ஒரே ஒரு பிரதியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஊர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இது சாதாரணம். கடைசியில் சில வெற்றுத் தாள்களை விட்டுவைப்பார்கள்; படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதிக் கொடுப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாக இருக்கிற தமிழர்கள் வீட்டில் பேசுவது தமிழ், பலர் பள்ளியில் படித்ததோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. அவர்களிடம் இருக்கிற கதைகளுக்கு அளவில்லை. இன்னொரு பக்கம், மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள். நன்றாக எழுதுவார்கள், இந்த ஊரைப் பற்றி எழுத அவர்களிடம் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பாயில் உட்கார வைத்ததுதான் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைக்கிறேன். ஒருவர் சொல்வார், ஒருவர் எழுதுவார், மூன்றாவது ஆள் அதற்குப் படம் போடுவார். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் பக்கம் நின்றுவிடும்.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். 2001இல் அங்கே தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவரும் அப்படித்தான். மாரிக்குப்பம் ரயிலில் ஒரே பெட்டியில், ஒரே இடத்தில், வருடக்கணக்காக அதே ஆட்களோடு வருகிறவர். அந்தப் பெட்டியில் நடந்த கல்யாணப் பேச்சு, சீட்டுப் பணம், சண்டை, பாட்டு எல்லாம் அவருக்கு மனப்பாடம். பேனாவை எடுத்தால் நாலு வரி நகராது. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிற மதுரைப் பெண். 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ அந்தப் பக்கம் முழுதாக ஓட ஆரம்பித்த பிறகுதான் அவளால் தவறாமல் வர முடிந்தது. அதுவரை பஸ்ஸில் வந்து திரும்புவதற்கே பாதி நாள் போய்விடும்.

“என்ன தங்கச்சி, மெதுவா சொல்லட்டுமா?”

“வேணாம்ணா, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க. நிறுத்தினா விட்டுப்போயிடும்.”

எழுதுகிறவர் சும்மா எழுத முடியாது. “அப்போ உங்க அம்மா எங்க இருந்தாங்க?”, “அந்த வீட்டுக்குக் கூரை ஓடா, தகரமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணமாகப் பழகும்போது இப்படிக் கேட்டால் துருவுகிற மாதிரி இருக்கும். கதைக்காகக் கேட்கும்போது சொல்கிறவருக்கும் சந்தோஷம். இரண்டு இதழ் முடிவதற்குள் ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி கூட இருந்தது அண்ணனின் மனைவிதான். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

சண்டையும் வரும். ஒருமுறை அண்ணன் சொன்னதை எழுதிய பையன், பேச்சில் கலந்திருந்த கன்னடச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமான நடையில் மாற்றி எழுதிவிட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். படித்துக் காட்டியதும் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “நல்லாதான் இருக்குப்பா. ஆனா இது நான் சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் சில மாதம் வரவில்லை. அந்தப் பையன் பழையபடி எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு, ரயிலேறி அவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: எழுத்துப்பிழையைத் திருத்தலாம், பேச்சைத் திருத்தக் கூடாது. சொன்னவர் கேட்டு “சரி” என்ற பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தைப்போம்.

உங்களுக்கு வரையத் தெரியும் என்கிறீர்கள். அது பெரிய பலம். எந்தக் குழுவிலும் வரைகிறவருக்குத்தான் பஞ்சம். போன முதல் நாளே ஏதாவது கைவேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் புதிதாக வருகிறவரை வட்டமாக உட்கார வைத்து ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பதில்லை. ஸ்கேலையும் பென்சிலையும் கொடுத்துத் தாள்களில் மார்ஜின் கோடு போடச் சொல்வோம். பக்கத்தில் இன்னொருவர் அதையே செய்துகொண்டிருப்பார். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் சங்கடமில்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு எனக்குத் தெரியாது.

எதை எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ‘கவிதை எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்றால் ஏற்கெனவே எழுதுகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். எல்லோரிடமும் இருக்கிற ஒன்றைக் கேட்க வேண்டும். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கிறதல்லவா? 1991இல் தயாராகி, எதிர்ப்பினால் 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அதற்கு ஈடாக, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். எங்கள் ஐயா ஒருவர் அந்த மூடிய சிலையைத் தாண்டி நடந்து போன நாட்களைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து ஓர் இதழின் தலைப்பே பிறந்தது: ‘மூடி வைத்த ஒன்று’. ஒருவர் அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி மாமியாரின் பூட்டிய பீரோவைப் பற்றிக் கன்னடத்திலேயே சொன்னார். கேட்டு எழுதியது ஸ்ரீராமபுரத்துப் பையன். அந்த இதழில் நாங்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பீரோ கதையைத்தான்.

எழுதியதை எழுதியவரே வாசிக்காமல், வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். தன் எழுத்தைத் தானே வாசிக்கும்போது குரல் நடுங்கும், நடுவில் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அடுத்தவர் வாசித்தால், தான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று அவருக்கே தெரியும். எங்கே தொய்கிறது என்பதும் தெரிந்துவிடும். கேட்டவர்கள் ‘சூப்பர்’ என்பதோடு நிறுத்தாமல், மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்ல வேண்டும். கடைசித் தாள்களிலும் இதே பழக்கம்தான்: பெயர் போட்டு எழுத வேண்டும், குறை சொன்னால் எந்த இடம் என்று குறிப்பிட வேண்டும்.

இடத்தைப் பற்றி. காசு கொடுத்து எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்கிற இடம் வேண்டாம், சம்பளம் குறைந்தவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். கழிப்பறை இருக்க வேண்டும். பஸ்ஸோ மெட்ரோவோ பக்கத்தில் இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் பெண்கள் வீடு திரும்ப முடிய வேண்டும். நாங்கள் கப்பன் பார்க்கில்தான் தொடங்கினோம். 1870இல் அமைத்த பூங்கா, இன்று சுமார் 300 ஏக்கர், வாசலிலேயே மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டிகள் ஓடாது என்பதால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் நிம்மதி. கூட்டம் பெரிதானாலோ பேனர் கட்ட நினைத்தாலோ, பூங்காவைப் பார்த்துக்கொள்கிற தோட்டக்கலைத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மழைதான் சிக்கல். சாயங்கால மழையில் தாள் நனைந்தால் அவ்வளவுதான். ஓர் அடுக்ககச் சங்கத்திடம் ஹால் கேட்டோம், வெளி ஆட்கள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அல்சூரில் அந்த ஐயாவே தன் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையைக் கொடுத்தார். அதில் நாங்கள் ஒட்டடை அடித்து, பழைய கதவு ஒன்றை மேஜையாக்கி, சுவரில் சுண்ணாம்பு பூசினோம். அந்த நாட்களில் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் நாங்கள் ஒன்றானது அப்போதுதான் என்பேன்.

சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். ‘ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் செய்து கொண்டுவரலாம்’ என்று ஆரம்பித்தால் அது பெண்கள் தலையில்தான் போய் விழும். நாங்கள் ஐயங்கார் பேக்கரியில் காரா பன்னும், ‘காங்கிரஸ் கடலை’ என்று இங்கே சொல்கிற மசாலாக் கடலையும் வாங்கிவிடுவோம், டீ மட்டும் அங்கே போடுவோம். டம்ளர் கழுவுவது ஆண்கள் வேலை. ஆரம்பத்திலேயே இப்படி வைத்ததால் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப் குழு நேரமும் இடமும் சொல்வதற்கு மட்டும். இரண்டே பேர் வந்தாலும் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். இன்றைக்கு நடக்குமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் கிளம்பவே மாட்டார்கள்.

நீங்களே தொடங்கத் தயக்கமாக இருந்தால், ஏற்கெனவே நடப்பவற்றுக்குப் போகலாம். கப்பன் பார்க்கில் 2023இல் தொடங்கிய ‘கப்பன் ரீட்ஸ்’ மௌன வாசிப்புக்குச் சனிக்கிழமை ஒரு புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டிய கட்டாயமில்லை. அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஜே.பி. நகரில் ரங்க சங்கரா நாடக அரங்கம் 2004இலிருந்து நடக்கிறது. நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், சீக்கிரம் போங்கள். ஜனவரியில் கர்நாடகச் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையில், தெருவிலேயே ஓவியர்கள் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் வரைகிறவர் என்பதால் அவசியம் போங்கள். எங்கே போனாலும் அதே நாள், அதே நேரம், அதே மூலை. மூன்றாவது நான்காவது தடவை பார்க்கிற முகத்திடம் “நான் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடப்போகிறேன், ஒரு பக்கம் எழுதுகிறீர்களா?” என்று கேளுங்கள். ‘ஒருநாள் சந்திக்கலாமா’ என்று கேட்டால் தயங்குகிறவர்கள்கூட இதற்குச் சரி என்பார்கள்.

முதல் இதழுக்கு எட்டுப் பக்கம் போதும். ஏ4 அளவில் கொஞ்சம் கனமான தாள், கறுப்பு மைப் பேனா, ஒரு பெட்டி கலர் பென்சில், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல். பின்னால் நாலைந்து வெற்றுத் தாள் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இதழ் தங்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அலமாரிக்குள் போய்விடும். தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.