இசைக் கேள்வி – பதில்: எட்டாவது தடத்தோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஐயா, என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். 'லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்' என்ற குழுவின் ஆல்பத்தை இரவு முழுக்கக் கேட்கிறான். அதில் ஓர் உருப்படி மட்டும் 28 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டும் இல்லை, வார்த்தையும் இல்லை. நான் கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். இது இசைதானா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது என்று சொல்லிவிட்டீர்கள். அந்தக் காதை நம்பித்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிகிறது. தெருமுனையில் சுவாமி நின்றுவிடுகிறார். நாகஸ்வரக்காரர் அப்போது ஒரு ராகத்தை எடுத்து விரிக்கத் தொடங்குகிறார். அரை மணி, முக்கால் மணி போவது தெரியாது. அதிலும் வார்த்தை கிடையாது. அடுத்த பிடி எது என்பது வாசிக்கிறவருக்கே அந்த நொடியில்தான் தெரிகிறது. தவில்காரர் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறார். உங்கள் மகன் கேட்பதும் இந்தக் காரியம்தான். வாத்தியங்கள் வேறு, ஊர் வேறு, அவ்வளவே.

அந்த ஆல்பம் 1998இல் வந்தது. மேக்னா கார்ட்டா என்ற இசை நிறுவனம், 'ட்ரீம் தியேட்டர்' என்ற அமெரிக்க ராக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாயிடம், விருப்பப்பட்டவர்களைச் சேர்த்து ஒரு தனி ஆல்பம் செய்து தரும்படி கேட்டது. அவர் தம் குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் பெட்ரூச்சியையும், 'கிங் கிரிம்சன்' குழுவிலும் பாடகர் பீட்டர் கேப்ரியலுடனும் வாசித்த பேஸ் (கனத்த கீழ்ஸ்வரங்களுக்கான கிட்டார்) கலைஞர் டோனி லெவினையும், ஒன்பது வயதிலேயே ஜூலியர்ட் இசைப்பள்ளியில் பியானோ பயிலச் சேர்ந்த கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸையும் சேர்த்தார். நால்வருக்கும் சொந்தப் பிழைப்பு வேறிடத்தில் இருந்தது. 1997 செப்டம்பரில் ஏறத்தாழ ஒரு வாரம் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள், ஆல்பத்தை முடித்தார்கள், கலைந்தார்கள்.

முதல் எட்டுத் தடங்கள் கட்டமைக்கப்பட்ட உருப்படிகள். அதன்பின் ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை ஐந்து தடங்களாகப் பிரிந்து கிடப்பது ஒரே வாசிப்பு. நீங்கள் குறிப்பிடும் 28 நிமிடம் அதுதான். அதன் பெயர் 'த்ரீ மினிட் வார்னிங்'. எதுவும் எழுதி வைத்துக்கொள்ளாமல் நால்வரும் சேர்ந்து அந்த நேரத்தில் வாசித்தது. பொறுமை இல்லாதவர்கள் எட்டாவது தடம் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிடலாம் என்று உறைத்தாளில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அந்த உறைத்தாளை நான் 2004இல் படித்தேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய பெல்ட்டுகளுக்கும் குக்கர் கேஸ்கட்டுகளுக்கும் நடுவே இருந்த குவியலில் அந்த சிடி கிடைத்தது. நாற்பது ரூபாய். கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த எச்சரிக்கையை மூன்று முறை படித்தேன். அன்றிரவு எட்டாவது தடத்தோடு நிறுத்தவும் செய்தேன். அடுத்த இரவு தொடர்ந்தேன். பத்து நிமிடத்தில் வழி தப்பிவிட்டது. நான்காவது இரவு, பேஸை மட்டும் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். மற்ற மூவரையும் காதால் ஒதுக்கிவிட்டு லெவினின் விரலை மட்டும் பின்தொடர்ந்தேன். அப்போதுதான் கதவு திறந்தது. கிட்டாரும் கீபோர்டும் ஆளுக்கொரு பக்கம் பறக்கும்போது அவர் குறைவாக வாசிக்கிறார். ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கார்வை கொடுத்துக் காத்திருக்கிறார். மற்றவர்கள் களைத்து அந்த ஸ்வரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். நல்ல தவில்காரர் செய்கிற அதே வேலை.

28 நிமிடமும் பொன் என்று சொல்லமாட்டேன். நால்வரும் தேடிக்கொண்டே இருக்கிற, ஒன்றும் அகப்படாத இடங்கள் அதில் உண்டு. நான் அவற்றைத் தாண்டிப் போவதில்லை. அகப்படுகிற இடத்தின் சுவை அந்தத் தேடலுக்குப் பிறகுதான் நாக்கில் நிற்கிறது. முதல் தடத்தின் அசுர வேகத்தைப் பற்றித்தான் இளைஞர்கள் அதிகம் பேசுகிறார்கள். வேகம் பயிற்சியால் வரும். எனக்கு அதைவிட ஆறும் ஏழும் பெரிது. ஆறாவதில் ட்ரம்ஸும் பேஸும் மட்டும், ஏழாவதில் கிட்டாரும் கீபோர்டும் மட்டும். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்கார்ந்ததால், எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று ஒவ்வொருவரும் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

ஆகவே நீங்கள் ஏழாவது தடத்திலிருந்து தொடங்குங்கள். மகனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்த திருவிழாவில் சுவாமி நிற்கும் தெருமுனைக்கு அவனை அழைத்துப் போங்கள்.

(2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. காசெட்டுகள் எல்லாம் ஊறிப்போயின. அந்த சிடியைக் கழுவித் துடைத்ததும் வாசித்தது. உறைத்தாள்தான் கட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.)

கேள்வி: டோனி லெவின் சில படங்களில் கிட்டார் போலவும் இல்லாத, நீளப் பலகை போன்ற ஒரு வாத்தியத்தை வைத்திருக்கிறாரே, அது என்ன?
– முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

பதில்: அதன் பெயர் 'சாப்மன் ஸ்டிக்'. எம்மெட் சாப்மன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1974 முதல் விற்பனைக்கு வந்தது. பத்துத் தந்தியோ பன்னிரண்டு தந்தியோ இருக்கும். கிட்டாருக்கு இருப்பது போன்ற வயிற்றுப் பெட்டி கிடையாது. ஒரு பட்டையில் தோளில் மாட்டி, இடுப்பு பெல்ட்டில் கொக்கி போட்டு, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீணையில் வலது கை மீட்ட, இடது கை மெட்டின்மேல் அழுத்துகிறது. ஸ்டிக்கில் மீட்டும் கையே இல்லை. இரண்டு கைகளும் இரு பக்கத்திலிருந்து வந்து தந்தியை மெட்டின்மேல் தட்டி அழுத்துகின்றன; அந்தத் தட்டிலேயே நாதம் பிறக்கிறது, தந்தியின் அதிர்வை மின்காந்தம் மின்னலையாக மாற்றுகிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. தடித்த தந்திகளில் ஒரு கை பேஸ் வாசிக்க, மெல்லிய தந்திகளில் மறுகை பாட்டின் மெட்டை வாசிக்கும். கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாசித்துப் பழகுவது வேறு சங்கதி. தட்டுகிற விரலின் கனம் ஒரு மயிரிழை கூடினாலும் நாதம் கரடாகிவிடும்.

லெவினிடம் இன்னொன்றும் உண்டு. ட்ரம்ஸ் குச்சிகளைக் குட்டையாக வெட்டி, விரல்களில் மாட்டிக்கொண்டு பேஸ் தந்திகளை அடிப்பார். பீட்டர் கேப்ரியலின் ஒரு பாட்டுக்காக ட்ரம்ஸ் கலைஞர் பேஸ் தந்தியைக் குச்சியால் அடித்ததிலிருந்து பிறந்த யோசனை அது.

கேள்வி: இந்த வகை ராக் இசையில் தாளம் நொண்டுவது போல் இருக்கிறதே?
– வில்லியனூர் வாசகர்

பதில்: நொண்டவில்லை, ஏழில் நடக்கிறது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'மணி' (1973) பாட்டைக் கேளுங்கள். 'தகிட தகதிமி' என்று கூடவே சொல்லுங்கள். நம் மிஸ்ர சாபுவின் அதே ஏழு எண்ணிக்கை. நான்கு நான்காகக் கைதட்டிப் பழகியதால்தான் கால் இடறுகிறது.

கேள்வி: நாங்கள் ஏழு பேர் கொண்ட மெல்லிசைக் குழு. நானும் டோலக் வாசிக்கும் நண்பரும் எங்களுக்குப் பிடித்ததைத் தனியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறோம். குழுவை நடத்தும் அண்ணன் இதைத் துரோகம் என்கிறார். என்ன செய்வது?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: அண்ணனுக்கு மேலே சொன்ன நால்வரின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். போர்ட்னாயும் பெட்ரூச்சியும் தங்கள் குழுவை விட்டுப் போகவில்லை. 1999இல் இரண்டாவது ஆல்பமும் செய்தார்கள். அதே ஆண்டு ரூடஸ் ட்ரீம் தியேட்டரிலேயே சேர்ந்துவிட்டார். பக்கத்து வாய்க்காலில் கிடைத்த தண்ணீர் தாய் வயலுக்குத்தான் வந்தது. பிறகு 2010இல் போர்ட்னாய் அந்தக் குழுவை விட்டு விலகினார். பல ஆண்டுகள் கழித்து, 2021இல் நால்வரும் மறுபடி கூடி மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டார்கள். 2023இல் போர்ட்னாய் தாய்க்குழுவுக்கே திரும்பினார். பழைய நண்பர்கள் மறுபடி ஒரே அறையில் உட்கார அந்தப் பக்கத்துக் குழு இடம் கொடுத்தது.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் 22 ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன். ஒருமுறை பண்ருட்டியில் கல்யாண வரவேற்பு. நடுவில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போயிருந்தான். இருட்டில் எங்கள் டோலக்காரர் சும்மா விரலால் ஏழு எண்ணிக்கையில் தட்டத் தொடங்கினார். நான் ஊதி வாசிக்கும் மெலோடிகாவை எடுத்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். எந்தச் சினிமாப் பாட்டும் இல்லை. பந்தியிலிருந்து எழுந்த பிள்ளைகள் கையைக்கூடக் கழுவாமல் வந்து மேடையோரம் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்ததும் குழுத்தலைவர் கையைக் காட்டினார், நிறுத்தினோம், பட்டியலில் அடுத்த பாட்டுக்குப் போனோம். அதன்பின் இருவரும் தனியாக உட்காரவேண்டும் என்று பல முறை பேசினோம். தலைவர் மனம் நோகும் என்று தள்ளிப்போட்டேன். டோலக்காரர் இன்று இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து வாசித்ததில் ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை.

ஆடியில் கேட்காதீர்கள். அம்மன் கோயில் கச்சேரிகளில் குழுவுக்கு ஒவ்வோர் ஆளும் தேவை, அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதில் ஒரு வாரம் கேளுங்கள். குழுவின் பெயரைப் பயன்படுத்த மாட்டோம், குழுவின் ஆம்ப்ளிஃபையரைத் தொடமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் நாளிலிருந்தே செல்பேசியில் பதிவு செய்யுங்கள், நன்றாக வராததையும் அழிக்காதீர்கள். மார்கழிப் பனியோடு உங்கள் ஊர்த் துறைமுகக் காற்றும் சேர்ந்தால் டோலக்கின் தோல் தளர்ந்துவிடும். வாசிக்க உட்காரும் முன் இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்தெடுக்கச் சொல்லுங்கள்.