கோச்சின் வியூகமா, ஆட்டக்காரர்களின் திறமையா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி ஒரு கேள்வி. 2015-இல் கென்டக்கி அணி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 64–71 என்று தோற்றது. அப்போதைய கென்டக்கி கோச் ஜான் கேலிபரிக்கு நல்ல பையன்களைச் சேர்க்கத்தான் தெரியும், வியூகம் தெரியாது என்கிறார்கள் என் நண்பர்கள். சின்னக் கல்லூரியான பட்லரை 2010, 2011 இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன பிராட் ஸ்டீவன்ஸ்தான் அவர்களுக்கு மேதை. திறமையையும் வியூகத்தையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழி உண்டு. ஆனால் மார்ச் மாதத் தேசியத் தொடரின் நாக்-அவுட் முடிவுகளை முதலில் ஒதுக்கி வையுங்கள். வர்ஜீனியாவின் அப்போதைய கோச் டோனி பென்னட் 2018-இல் பிரிவின் கடைசி, 16-ஆம் தரவரிசை அணியான யு.எம்.பி.சி.யிடம் (மேரிலாந்துக் கல்லூரி) 54–74 என்று தோற்றார். ஆண்கள் தொடரில் முதல் தரவரிசை அணி அப்படித் தோற்றது அதுவே முதல் தடவை. மறுவருடம் கோப்பையே அவருக்கு. அதன் கடைசி மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். பர்டியூவுடன் நேரம் முடியும் கணத்தில் வர்ஜீனியாவின் டியாகிட்டே போட்ட ஷாட்டால் கூடுதல் நேரம். ஆபர்னுடன் 0.6 விநாடி இருக்கையில் கைல் கை என்ற வீரர் போட்ட மூன்று ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற ஷாட்). டெக்சாஸ் டெக்குடன் கடைசி விநாடிகளில் ஹன்டர் போட்டுச் சமன் செய்த த்ரீ (மூன்று புள்ளி ஷாட்). இவற்றில் ஒரு ஆட்டம் கைநழுவியிருந்தாலும் பென்னட்டின் வியூகம் அதேதான். அவரைப் பற்றிய பேச்சு மட்டும் வேறாக இருந்திருக்கும்.

ஆகவே வெற்றிகளை எண்ணாமல், பந்து ஒருமுறை கைக்கு வந்தால் (ஒரு பொசஷன்) எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். ஷாட் முயற்சிகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய ஷாட்டைத் தாங்களே மீண்டும் பிடித்தவை) கழியுங்கள். டர்ன்ஓவர்களை (ஷாட் போடாமலே பந்தை இழந்தவை) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475 ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன் எண்ணிக்கை வரும். 58 ஷாட், 9 ரீபவுண்டு, 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 70.5 பொசஷன். அதில் 74 புள்ளி எடுத்திருந்தால் 100 பொசஷனுக்கு ஏறத்தாழ 105. இந்தக் கணக்கு இல்லாவிட்டால், பென்னட் கால வர்ஜீனியா போல மெதுவாக ஆடும் அணியின் தடுப்பாட்டம் உள்ளதைவிடப் பெரிதாகவும் தாக்குதல் சிறிதாகவும் தெரியும். புள்ளிவிவர ஆய்வாளர் கென் பாமராய் இதே எண்களை எதிரணியின் தரத்துக்கேற்பத் திருத்தி வெளியிடுகிறார்.

இந்த எண்ணிலும் திறமை கலந்தே இருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது ஷாட் எங்கிருந்து வந்தது, யார் போட்டார் என்பது. விழுந்ததா என்பது பெரும்பாலும் ஆட்டக்காரரின் கை. எந்த இடத்திலிருந்து, எவ்வளவு திறந்த நிலையில் போட்டார் என்பதில்தான் கோச்சின் வேலை தெரியும். எதிரணிக்கும் இதுவே. அவர்கள் த்ரீயில் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்பதைக் கோச் அவ்வளவாகக் கட்டுப்படுத்த முடியாது. எத்தனை த்ரீ முயல விட்டார் என்பதைக் கட்டுப்படுத்த முடியும்.

யு.எம்.பி.சி. ஆட்டத்தில் இதை வைத்துப் பாருங்கள். பென்னட்டின் தடுப்பு ‘பேக் லைன்’. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் வளையத்திலிருந்து சுமார் 16 அடி வட்டத்துக்குள் நின்று உள்ளே ஓட்டிவருவதை அடைக்கிறார்கள். வெளியே சில த்ரீ கிடைக்கும் என்று தெரிந்தே ஏற்பது அது. எதிரணி 24 த்ரீ முயன்றது. அது வியூகத்தின் விளைவு. 12 விழுந்தது, அது அவர்கள் கை. உண்மையான கேள்வி வேறு: பாதி நேரத்தில் 21–21 என்று இருந்த ஆட்டத்தில், அடைத்துவைக்க வேண்டிய உள்வழியை யு.எம்.பி.சி.யின் லைல்ஸ் எப்படித் திரும்பத் திரும்ப உடைத்தார்? மணிக்கட்டு முறிந்த ஹன்டர் ஆடாததும் இதில் சேரும். அடுத்த ஆண்டு பென்னட் தடுப்பை மாற்றவில்லை. தாக்குதலில் தன் பழைய ‘ப்ளாக்கர்-மூவர்’ முறையோடு (சிலர் மறித்து நிற்க, மற்றவர்கள் ஓடுவது) பால் ஸ்க்ரீன் ஆட்டத்தை (பந்து வைத்திருப்பவரின் காவலரைச் சக வீரர் மறிப்பது) அதிகம் சேர்த்தார். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற தீர்ப்பு அது. நான் அவரை மதிப்பது கோப்பையைவிட இதற்காகத்தான்.

உங்கள் நண்பர்கள் கேலிபரியைப் பற்றிச் சொல்வது பாதி சரி. என்.பி.ஏ. டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதலாவதாகப் போன கார்ல்-அந்தோனி டவுன்ஸ் அந்த 2015 கென்டக்கி அணியில் ஆடியது ஆட்டத்துக்குச் சுமார் 21 நிமிடம். டெவின் புக்கர் பெஞ்சிலிருந்து வந்தார். இப்படிப்பட்டவர்களைக் குறைந்த நிமிடத்துக்கு இணங்க வைத்து, தடுப்பில் உழைக்க வைப்பது கோச்சின் கெட்டிக்காரத்தனமே. ஆனால் விஸ்கான்சினுக்கு எதிராக 60–56 என்று முன்னால் இருந்தபோது வேகத்தைக் குறைத்து, அப்போதைய 35 விநாடி ஷாட் கிளாக்கை (ஷாட் போட வேண்டிய கால எல்லை) அடுத்தடுத்துத் தீரவிட்டார்கள். உள்ளே ஆதிக்கம் செலுத்திய டவுன்ஸுக்குப் பந்து போகவில்லை. அதை வியூகப் பிழை என்றே சொல்வேன். எதிரே கமின்ஸ்கி, டெக்கர் என்று முதல் சுற்று டிராஃப்ட் ஆட்கள் இருந்ததையும் மறக்கக் கூடாது.

ஸ்டீவன்ஸ் ‘ஆளே இல்லாமல்’ வென்றார் என்பதும் சரியல்ல. 2010 அணியின் கார்டன் ஹேவர்ட் டிராஃப்டில் 9-ஆவது. அவர் போனபின் 2011-இல் மறுபடி இறுதிக்கு வந்ததுதான் ஸ்டீவன்ஸுக்கு வலுவான சான்று. அந்த இறுதியில் பட்லர் போட்ட 64 ஷாட்டில் 12 மட்டுமே விழுந்தன. அதிலும் இரண்டு புள்ளி ஷாட் 31-க்கு 3. எதிரணியான யூகானின் (கனெக்டிகட்) உயரத்துக்கு எதிரே கோச் பலகையில் வரையும் எந்த வரைபடமும் ஓரளவுக்குத்தான் உதவும்.

நேரில் பார்க்கும்போது ஒவ்வொரு பாதியையும், 16, 12, 8, 4 நிமிடம் எஞ்சும் கட்டங்களை ஒட்டி வரும் டிவி டைம்-அவுட்டுகளைக் கொண்டு பிரித்து எழுதுங்கள். பால் ஸ்க்ரீனில் தடுக்கும் அணியின் பெரிய ஆள் பின்வாங்குகிறாரா, முன்னேறி மறிக்கிறாரா, ஆளை மாற்றிக்கொள்கிறார்களா? ஒரே வழியில் இரண்டு தடவை அடிபட்டபின் எத்தனை பொசஷனில் கோச் மாற்றுகிறார்? முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனதும் நல்ல ஆட்டக்காரரைக் கண்ணைமூடிக்கொண்டு பெஞ்சில் வைக்கிறாரா? ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும் என்பதால், அந்தப் பயத்திலேயே பல கோச்கள் நல்ல நிமிடங்களை இழக்கிறார்கள். டைம்-அவுட்டுக்குப் பிந்தைய ஆட்டங்களையும் குறியுங்கள். ஒரு இரவில் அவை ஐந்தாறுதான் வரும். ஒரு சீசன் சேர்த்தால் மட்டுமே பேச முடியும்.

கல்லூரி மாறும் வீரர் முதல் தடவை உடனே ஆடலாம் என்று 2021-இல் விதி வந்த பிறகு, ஒரே ஆளை இரண்டு கோச்களின் கீழ் ஒப்பிட முடிகிறது. அவருடைய சதவீதத்தைவிட ஷாட் இடங்களை ஒப்பிடுங்கள். புதிய லீக் கடினமானதா, பந்து அவர் கையில் இருக்கும் நேரம் குறைந்ததா, ஒரு வயது கூடியதா என்ற மூன்றையும் கழித்த பிறகு எஞ்சும் வித்தியாசத்தைக் கோச்சின் கணக்கில் எழுதலாம்.