மர்ஃபி விதியும் பட்ட காலும்

ஐயா, வணக்கம்.
குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாளில்தான் மழை பிடிக்கிறது. அலுவலகத்தில் புலம்பினால் ‘மர்ஃபி விதி’ என்கிறார்கள். பாட்டி சொல்லும் ‘பட்ட காலிலே படும்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றல்ல. பாட்டியின் பழமொழி, பட்டவருடைய வலி. மர்ஃபி விதி பட்டறையில் பிறந்தது.

1949-இல் கலிபோர்னியா பாலைவனத்து விமானப்படைத் தளம் ஒன்றில், ராக்கெட் பூட்டிய வண்டியைத் தண்டவாளத்தில் ஓடவிட்டுச் சடாரென்று நிறுத்தி, மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்தார்கள். ஜான் ஸ்டாப் என்ற மருத்துவர் தாமே அதில் உட்கார்ந்து போனவர். அந்த விசையை அளக்க எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் உணரிகள் கொண்டுவந்தார். ஓட்டம் முடிந்து பார்த்தால் அளவு பூஜ்யம். ஒவ்வோர் உணரியையும் இரண்டு விதமாக இணைக்க முடியும். எல்லாமே மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. தப்பாகச் செய்ய வழி இருந்தால் அப்படியும் ஒருவர் செய்வார் என்று மர்ஃபி கொதித்துப்போனார். அதுதான் மர்ஃபி விதி. ஸ்டாப் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இதை மனத்தில் வைத்து வேலை செய்வதால்தான் பெரிய விபத்துகள் இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

மழைக்கு உங்கள் குடை தெரியாது. ஆனால் இணைப்பைச் செய்யப்போகும் கை எப்படித் தவறும் என்று நமக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். எர்த் முள் மட்டும் தடிமன், நீளம். தலைகீழாகச் செருக முடியாது. செருகும்போது எர்த்தான் முதலில் தொடும். யாரோ ஒருவர் நம் அவசரத்தை முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார். அதை அன்பு என்றே சொல்வேன்.

நினைக்காவிட்டால் என்ன ஆகும்? சூரியக் காற்றின் துகள்களைச் சுமந்து 2004-இல் திரும்பிய ஜெனிசிஸ் விண்கலத்தில், பாராசூட்டை விரிக்கவேண்டிய சிறு உணரிகள் தலைகீழாக இருந்தன. பாராசூட் விரியவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கலம் யூட்டா பாலைவனத்தில் மோதியது.

அம்மாவுக்குக் கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனிச் சொட்டு மருந்து. இரண்டும் ஒரே அளவு புட்டி, ஒரே வெள்ளை மூடி. ஒருநாள் ராத்திரி காது மருந்தைக் கண்ணருகே கொண்டுபோய்விட்டார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். ‘பார்த்துப் போடும்மா’ என்று சொல்லி விட்டுவிடவில்லை. காது மருந்துப் புட்டியில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றிவைத்தேன். இப்போது விளக்குப் போடாமலே, விரலால் தடவிப் பார்த்து எடுக்கிறார்.