தமிழில் பயனர்பெயர், தமிழில் மின்னஞ்சல்: எங்கே இடிக்கிறது?

கேள்வி: எங்கள் நூலகத்தின் உறுப்பினர் தளத்தில் தமிழிலேயே பயனர்பெயர் வைக்கலாம் என்று விட்டோம். ‘முருகன்’ என்று கொடுத்தால் ‘செல்லாத எழுத்து’ என்கிறது. ‘கோமதி’ என்று பதிந்தவரால் வேறு கைப்பேசியிலிருந்து நுழைய முடியவில்லை. தமிழ் மின்னஞ்சல் முகவரியையும் ஏற்கலாமா?

பதில்: முருகனைத் தடுப்பது உங்கள் ரெகெக்ஸ், அதாவது எந்த எழுத்துகளை விடலாம் என்று சோதிக்கும் விதி. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் ம, ர, க, ன ஆகியவை ‘எழுத்து’ வகை. உகரக் குறியும் புள்ளியும் ‘குறி’ என்ற தனி வகை. எழுத்தை மட்டும் விடும் விதி முதல் உகரத்திலேயே முட்டிக்கொள்ளும். குறி வகையையும் சேருங்கள். பெயர் குறியில் தொடங்குவதை மட்டும் தடுங்கள்.

கோமதியின் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ‘கோ’வை ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளில் (யூனிகோடு எண்களில்) எழுதலாம்; ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், கணினி சேமிக்கும் பைட்டுகள் வேறு. இரு கைப்பேசிகளும் வெவ்வேறு விதமாக எழுதியிருக்கலாம். ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) கொண்டு ஒருமைப்படுத்துங்கள். பதிவு, நுழைவு, கடவுச்சொல் மீட்பு, தேடல் எதையும் விடக்கூடாது. பதிவில் மட்டும் செய்துவிட்டு நுழைவில் மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களும் உண்டு, அதற்கும் இதே விதி. பழைய பதிவுகளை மாற்றுமுன் இரு கணக்குகள் ஒரே பெயராகிவிடுமா என்று பாருங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ‘கௌரி’யும் ‘கெளரி’யும் (இதில் இருப்பது ளகரம்) அதற்கு இரு வேறு பெயர்கள். தமிழ் எண் ௧ பார்வைக்கு ககரமேதான். போலிக் கணக்கு தொடங்க அது போதும். பயனர்பெயரில் தமிழ் எண்களையும், ஒட்டி வந்துவிடும் அகலமற்ற இணைப்பான்களையும் (கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள்) மறுத்துவிடுங்கள். ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்றிய ஒப்பீட்டு வடிவத்தைத் தனிப் புலத்தில் வையுங்கள். அது பெயர் மோதலைப் பார்க்க மட்டும். ‘வெள்ளி’யும் அதில் உருமாறும் என்பதால் திரையில் காட்டாதீர்கள்.

மின்னஞ்சலில் @ குறிக்கு வலப்பக்கம் எளிது. .இந்தியா, .இலங்கை போன்ற களப்பெயர்கள் பியூனிகோடாக, அதாவது ரோமன் எழுத்தும் எண்ணும் கொண்ட வடிவமாக, மாறிப் போய்விடும். இடப்பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 ஆகவே போக வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு சேவையகமும் எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 நீட்சியை (அஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் இதற்கான கூடுதல் வசதி) ஏற்க வேண்டும். ஜிமெயில் 2014 முதல் ஏற்கிறது, அஞ்சல் சேவையக மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 பதிப்பு முதல். இடையில் ஒன்று ஏற்காவிட்டாலும் அஞ்சல் திரும்பிவிடும். திரும்பிய அஞ்சலில் 5.6.7 என்ற எண் இருந்தால் காரணம் இதுதான்.

இடப்பக்கத்துக்கு உச்சவரம்பு 64 பைட்டு. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு. ‘மீனாட்சிசுந்தரம்’ கையால் எழுதினால் 9 எழுத்து. கணினிக்கு 16 குறியீடு, 48 பைட்டு. ஒரு பைட்டுப் புள்ளி (.) வைத்து ‘முருகன்’ சேர்த்தால் 70, செல்லாது.

ஆகவே தமிழ் முகவரியைத் தாராளமாக ஏற்கலாம். படிவத்தில் அதற்குச் சாதாரண உரைப்பெட்டியையே வையுங்கள்; மின்னஞ்சல் வகைப் பெட்டியில் உலாவியே இடப்பக்கத் தமிழை மறுத்துவிடக்கூடும். கடவுச்சொல் மீட்புக்கு மட்டும் ரோமன் எழுத்து முகவரி ஒன்றையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர்களுக்கு நீங்களே முகவரி வழங்குவதானால், அதே பெட்டிக்கு வந்து சேரும் ரோமன் மாற்றுப்பெயரையும் சேர்த்தே கொடுங்கள்.